இல்லாத புண்ணுக்கு வந்த மருந்து

ராஜா,

சபைப் பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்டது வேறு ஒரு கடிதம். "அடுத்த மாசம் மகனுக்குக் கல்யாணம். பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி நீங்க. ஒரு தாய் மகனுக்குச் சொல்ற புத்திமதியா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா, நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். நானும் உட்கார்ந்து எழுதினேன். தினமும் குடும்ப ஜெபம் தவறாதே, மனைவியின் வீட்டாரை மதி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பிந்திப் போகாதே என்றெல்லாம் நன்றாகத்தான் வந்தது. வாசித்துப் பார்த்தேன், எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. மகனுடைய கல்யாணத்துக்கு வருவேனா மாட்டேனா என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறவள் ஊருக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டாள். கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசிக்கலாமா கூடாதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம், முதலில் நீ வாசி.

சனிக்கிழமை நீ எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் முன்னறையில் இடது காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை வியாதிக்காரிக்குப் பெருவிரலோரம் புண் வந்து ஆறாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை டாக்டர் என்னைவிட உன்னிடம்தான் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். தினமும் கழுவிக் கட்டுப் போட வேண்டும், அசட்டையாக இருந்தால் விரலை எடுக்க வேண்டி வரும், விரலோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது. எஸ்தர் நர்ஸ். உனக்கு மனைவியாக வரப்போகிறவள். "டூட்டி முடிஞ்சு போற வழிதான் ஆன்ட்டி, தினமும் ஏறி வந்து டிரெஸ்ஸிங் பண்ணிட்டுப் போறேன்" என்றாள். பேசினில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். என்னிடம் ஏதோ கேட்டாள். பிறகு காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்றேன். அந்தக் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கே கேட்டது. அந்தப் பெண் கையைத் துடைத்தாள், பஞ்சையும் மருந்தையும் மேசைமேல் அடுக்கி வைத்தாள், "வரேன் ஆன்ட்டி" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு நீ திரும்பி வந்து மாடிப்படியிலேயே நின்றாய். "அவங்க அம்மா கோயில் தரை கழுவுறவங்க, அப்பா முனிசிபாலிட்டி கூலிக்காரங்க லைன்ல கிடந்தவரு. அதானேம்மா விஷயம்? படிப்பு கம்மி, நைட் டூட்டி, ஜாதகம் பாக்காத குறைதான், எல்லாச் சாக்கும் சொல்லிட்டீங்க. அவ கை உங்க கால்ல படக் கூடாது, அவ்வளவுதானே? கல்யாணத்துக்கு வந்தா வாங்க. வராட்டி இந்தக் காலை வெச்சிக்கிட்டு இங்கயே இருங்க லா" என்றாய். எதிர்வீட்டுச் சீனத்தி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கோபத்தில் நீ போடுகிற அந்த 'லா' அப்படியே உன் அப்பா போடுகிறது. அவர் இருந்திருந்தால் அவரும் அதே படியில் நின்று அதையேதான் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ சொன்னதில் பாதி சரி. நம் ஆட்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பழக்கப்பட்டவள் நான். கப்பல் ஏறி வந்து, கோயிலில் எல்லோரோடும் ஒரே பாட்டைப் பாடி, அதற்குப் பிறகும் அந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தவள். இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மீதிப் பாதி உனக்குத் தெரியாது. அது எஸ்தருக்கும் எனக்கும் நடுவில் உள்ளதல்ல. அவள் அம்மா ரத்தினத்துக்கும் எனக்கும் நடுவில் உள்ளது. அதைச் சொல்லாமல் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு சம்பந்தியம்மா என்று ரத்தினத்தின் பக்கத்தில் உட்கார என்னால் ஆகாது. சொல்லவும் வாய் வரவில்லை. வருகிறேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் உன்னை இத்தனை நாள் இழுத்தடித்தது அதனால்தான்.

பண்டிதரை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ செகண்டரி ஸ்கூலுக்குப் போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் பேசுவதற்காக ஊரிலிருந்து வரவழைத்தார்களே, அவர்தான். கிரேக்கமும் எபிரெயுவும் படித்தவர், தமிழில் புலவர். பார்த்தால் அப்படித் தெரியாது. கட்டையாக, கசங்கின ஜிப்பாவோடு, எந்நேரமும் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். சபை ஐயர் வீட்டில் இடமில்லை என்று நம் வீட்டில் தங்க வைத்தார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று கேட்கிறாயா? தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போதுகூட, கேட்காதவர்களிடமெல்லாம் "பண்டிதருக்குக் கத்தரிக்காய் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் விடுகிற குறட்டை சுவரைத் தாண்டி வரும். தெங்கிரி மீன் குழம்பு வைத்தால் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார். உன் அப்பா ஹார்பர் ஆபீசிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் கோப்பிக் கடைக்குப் போய்விடுவார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "மீனைப் பத்தி" என்பார் உன் அப்பா.

ஆனால் சாயங்காலம் கோயிலில் பேச நின்றார் என்றால் ஆள் வேறு. சத்தம் போட மாட்டார், கையை ஆட்ட மாட்டார். அந்த லெந்து முழுக்கத் தாழ்மையைப் பற்றியேதான் பேசினார். "நான் ஒண்ணுமில்லைங்க, நான் ஒரு தூசிங்கன்னு ஒருத்தர் சொல்றார். சொல்லிட்டு என்ன பண்றார்? எதிர்ல இருக்கவன் 'சேச்சே, நீங்க எவ்வளவு பெரியவர்'னு சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறார். அவன் சொல்லலைன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வராது. இதுக்கு நாம தாழ்மைன்னு பேர் வெச்சிருக்கோம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சத்தமாகவே சிரித்தேன், பக்கத்து பெஞ்சில் இருந்த பொறுப்பாளரின் மனைவியை நினைத்துக்கொண்டு.

பாவத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. குடி, களவு, கூத்து எல்லாம் அழுக்கு என்றார். "அழுக்கு ஒரு பெரிய விஷயமே இல்ல. தண்ணி பட்டா போயிடும். கழுவ ஒருத்தர் பக்கத்துல வந்து குனியும்போது நாம காலைப் பின்னால இழுத்துக்கிறோம் பாருங்க, அங்கதான் பாவத்தோட வேர் இருக்கு. ஆண்டவர் சீஷர்களோட காலைக் கழுவ வந்தப்ப ஒருத்தன் என் காலைக் கழுவவே கூடாதுன்னான். கேட்கிறதுக்குப் பணிவா இருக்கும். ஆனா அவனுக்குத் தன் காலைக் காட்ட மனசில்ல. அடுத்தவன் காலை நாம கழுவிடலாம், அதுல நாமதான் பெரியவங்க. நம்ம காலை அடுத்தவன் கையில குடுக்கிறது இருக்கே, அங்க வந்து எல்லாரும் நின்னுடுவோம்." இதைச் சொல்லிவிட்டு அவர் பெரிய வியாழக்கிழமை ஆராதனையில் சபையாரே ஒருவர் காலை ஒருவர் கழுவினால் என்ன என்று கேட்டார். நம் கோயிலில் அதற்கு முன்னால் அந்த வழக்கம் கிடையாது.

கேட்டதுதான் தாமதம், கமிட்டியில் சண்டை. பன்னிரண்டு பேர் போதும் என்றார்கள் சிலர். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதில் வார்த்தை தடித்தது. தாழ்மையைக் காட்ட அத்தனை போட்டி. முடிவில் பண்டிதர், எல்லோர் பேரையும் எழுதிச் சீட்டுப் போடுவோம், ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள், வருகிற பேர் வரட்டும் என்றார். பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெரிய வியாழன் மத்தியானத்திலிருந்து வீட்டுக்கு வீடு கால் கழுவுகிற வேலைதான். நான் தேங்காய் நாரை எடுத்துக் குதிகாலைத் தேய்த்தேன், நகம் வெட்டினேன், வாசனைச் சோப்புப் போட்டேன், பவுடரும் போட்டேன். உன் அப்பா புதுச் சாக்ஸ் மாட்டினார். உன்னைக் கொல்லைக் குழாயடியில் நிறுத்தி முழங்கால் வரை நான் உரித்தெடுத்தது உனக்கு மறந்திருக்காது. அன்று கோயில் முழுக்கச் சோப்பு வாசனை. பண்டிதர் முதல் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வீட்டிலயே கழுவிட்டு வந்துட்டீங்க. அப்புறம் எனக்கென்ன வேலை?" என்று கேட்டார்.

பெண்கள் பக்கம் பிஸ்கட் டின்னில் சீட்டுகள் இருந்தன. ரத்தினம் எடுத்த சீட்டில் என் பேர் வந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. ஐயரம்மா வாங்கிப் படித்துச் சொன்னார். ரத்தினத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. சனிக்கிழமைதோறும் அந்தக் கோயில் தரையைக் குனிந்து கழுவுகிறவள், அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, தலையில் முக்காடு போட்டு, பித்தளைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து மண்டியிட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். பவுடர் போட்ட காலோடு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லோரும் பார்க்கிறார்கள். நாளைக்கு இவள் முனிசிபாலிட்டி லைனில் போய், கிளார்க்கம்மா காலை நான் தொட்டேன் என்று சொல்லுவாளே என்று தோன்றியது. இதுதான் தோன்றியது, ராஜா. வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. அவள் கை பாதத்துக்கு வருவதற்குள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "இடது கால்ல புண்ணு இருக்கு, தண்ணி படக் கூடாது" என்றேன்.

புண்ணாவது ஒன்றாவது. ஒரு கீறல்கூடக் கிடையாது. ரத்தினம் அதை அப்படியே நம்பினாள். "ஐயோ, வலிக்குதாம்மா? சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே" என்று எனக்காக அவள் வருத்தப்பட்டாள். தண்ணீரில் விரலை நனைத்து என் சேலை ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு எழுந்து போனாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் பெரிய வெள்ளி, மூன்று மணி ஆராதனை. கோயில் வாசலில் அவளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புண் இருப்பது ஞாபகம் வந்தது. சட்டென்று நொண்ட ஆரம்பித்தேன்.

அப்படி ஆரம்பித்தது விடவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம், அதைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது லேசான வேலையா? ஈஸ்டர் காலையில் நொண்டினேன். அடுத்த ஞாயிறும் நொண்டினேன். "இந்தக் காலை வெச்சிக்கிட்டும் ஒரு ஆராதனைகூட விடலை பாருங்க" என்று பெண்கள் ஐக்கியத்தில் என்னை மெச்சினார்கள். அந்த வருஷம்தான் என்னைத் தலைவியாக்கினார்கள். ரத்தினமோ, சிரட்டையில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, மேலே வாழையிலைத் துண்டை மூடி, நம் வீட்டுப் பின்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வர மாட்டாள். நானும் வா என்று சொன்னதில்லை. அவள் தெருமுனை திரும்பினதும் அதை எடுத்துக்கொண்டுபோய் லோங்காங்கில் கொட்டுவேன். மஞ்சள் அந்தக் கால்வாய் விளிம்பில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. வாளித் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறந்துபோய் வலது காலை நொண்டிவிட்டேன். ரத்தினம் வாசலிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தக் காலுக்கும் பரவிடுச்சாம்மா?" என்று கேட்டாள். நான் "ஆமா" என்றேன். அடுத்த நாள் பின்படியில் இரண்டு சிரட்டை இருந்தது. அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தெரிந்து கேட்டிருந்தால் அவள் என்னைக் கேலி செய்திருக்கிறாள், எனக்கு அது வேண்டியதுதான். தெரியாமல் கேட்டிருந்தால் அதைவிட மோசம். இந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். கீழே பூக்கடைக்காரன் மாலை கட்டிக்கொண்டிருக்கிறான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் சிறிது நேரம் திரைக்குப் பின்னாலேயே நின்றேன்.

பண்டிதருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கு அப்போதே தெரியும். அடுப்படியில் ஓடியாடிக்கொண்டிருந்தவள் கோயில் வாசலில் நொண்டினால் ஒரே வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டர் கழிந்து ஊருக்குப் புறப்பட்டபோது வழியனுப்ப நாம் மூன்று பேரும் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போனோம். நீயும் அப்பாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டீர்கள். அவர் என் பக்கத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, அந்தக் கால் எப்ப ஆறும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா, இப்ப கப்பல் ஏறும்போதா கேக்கிறது?" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சொல்லியிருக்கணும். ரெண்டு மூணு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா உங்க முகம் மாறிடும், அப்புறம் அந்தக் குழம்பு அப்படி இருக்காதுன்னு பயமா இருந்துச்சு. நாப்பது நாள் தாழ்மையைப் பத்திப் பேசினவன் மீன் குழம்புக்காக வாயை மூடிக்கிட்டேன். உங்க கால் ஆறும்போது எனக்காகவும் ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

படித்த மனுஷர் அப்படிச் சொன்னதை அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பண்டிதருக்கே இந்தக் கதி என்றால் நமக்கென்ன என்று நினைத்து, வீடு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். நொண்டலை மெதுவாகக் குறைத்துக் குறைத்து ஒரு நாள் நிறுத்தினேன். "கர்த்தர் சுகம் தந்தாரு" என்று ஐக்கியத்தில் சாட்சிகூடச் சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் ரத்தினம்.

நம் வீட்டுக் கதவு நிலையில் உன் உயரத்துக்கு உன் அப்பா பென்சில் கோடு போடுவாரே, அதைப் பண்டிதர் ஒரு நாள் பார்த்தார். அப்பா வர நேரமாகிவிட்டது என்று நீயே கதவில் சாய்ந்து, தலைக்குமேல் கையை வைத்து, நீயே கோடு போட்டுக்கொண்டிருந்தாய். குதிகால் தரையில் இல்லை. அவர் பார்த்துவிட்டுப் போய் அன்று சாயங்காலம் அதையே பிரசங்கத்தில் வைத்தார். "ஆவியில வளர்றோமான்னு நம்மை நாமே அளந்தா எப்பவும் உசரமாத்தான் வரும், குதிகால் தூக்கியிருக்கிறது நமக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கிறவன் கோடு போடட்டும்" என்றார். உன்னைத்தான் சொல்கிறார் என்று நீ வெட்கத்தில் நெளிந்தாய். நான் உன் தலையைத் தட்டிவிட்டேன். அந்தப் பேச்சு யாருக்கு என்பது இந்த வாரம்தான் எனக்குப் புரிகிறது. இத்தனை வருஷமாகத் தலைவி என்று நான் போட்டுக்கொண்ட கோடெல்லாம் குதிகாலைத் தூக்கிக்கொண்டு போட்டவை.

அதற்குப் பிறகு உன் அப்பா போய்விட்டார். துக்க வீட்டில் எத்தனையோ பேர் வந்தார்கள். என்னென்னவோ ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. ரத்தினம் வந்தாள். அன்றுதான் முதன்முதலாக முன்வாசல் வழியாக வந்தாள். ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்துவந்து என் காலடியில் போட்டு, "ரொம்ப நேரம் தொங்கப் போடாதீங்க கிளார்க்கம்மா, அந்தப் பழைய புண்ணு இருந்த கால் வீங்கிடும்" என்றாள். என் காலைத் தொடவில்லை. நான் தொட விட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்போல, ஸ்டூலை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். நான் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு நீ ஜூரோங்கில் வேலைக்குப் போனாய், குவீன்ஸ்டவுனில் உனக்கு வீடு கிடைத்தது, கல்யாணம் பேசலாமா என்று நான் கேட்டபோது எஸ்தர் என்றாய். ஊரில் வேறு பெண்ணே இல்லையா என்று நான் கத்தினேன். அவளுடைய குறைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன், எனக்கே அலுத்துப்போகிற அளவுக்கு. அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? என் பயம் வேறு. அவள் அம்மா என் சம்பந்தியானால் என் வீட்டு முன்வாசல் வழியாக வருவாள், என் பக்கத்தில் உட்காருவாள், கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். காலம் முழுக்கக் கேட்பாள்.

இப்போது சனிக்கிழமை எஸ்தர் கேட்டதைச் சொல்கிறேன். நீ அடுப்படியில் இன்னொரு கெட்டில் வெந்நீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. நர்ஸ்களுக்கு நோயாளியிடம் முதலில் விவரம் கேட்கிற பழக்கம் இருக்கிறதே, அப்படித்தான் சாதாரணமாகக் கேட்டாள். "ஆன்ட்டி, இது அந்தப் பழைய புண்ணுதானா? நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே உங்களுக்கு இடது கால்ல புண்ணுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. ராத்திரி ஜெபத்துல உங்க காலுக்காக எங்களையும் முட்டி போட வைப்பாங்க. ஆறிடுச்சுன்னு நீங்க சொன்ன பிறகும், திரும்ப வரக் கூடாதுன்னு இன்னும் நிறுத்தலை. அப்ப முழுசா ஆறவே இல்லையா?"

ராஜா, நான் காலை இழுத்துக்கொண்டது அப்போதுதான். நம் ஆட்கள் இல்லை என்று இழுக்கவில்லை. இந்தத் தடவை அந்தக் காலைக் காட்டவே எனக்கு மூஞ்சி இல்லை. ஒரு வீட்டில் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் முட்டி போட்டு, இல்லாத ஒரு புண்ணுக்காக இத்தனை வருஷம் ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். அந்த ஜெபத்தில் வளர்ந்த பெண் இப்போது மருந்தோடு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் நான் முன்பு இழுத்ததற்கும் இப்போது இழுத்ததற்கும் என்ன வித்தியாசம்? அவளுக்கு ஒன்றுதான். முன்பு மேட்டிமையால் இழுத்தேன், இப்போது வெட்கத்தால் இழுத்தேன், இரண்டு தடவையும் கழுவ வந்தவள் வெறுங்கையோடு திரும்பினாள். பண்டிதர் சொன்ன அந்தச் சீஷனை நினைத்துக்கொண்டேன். அவனும் வெட்கத்தில்தான் இழுத்தானோ என்னவோ.

இந்தப் புண் அந்தப் பொய்க்குத் தண்டனை என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேன், இரண்டு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தேன். பண்டிதர் இருந்தால் சிரித்திருப்பார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அல்வாவை யார் தின்றது என்று கேட்டிருப்பார். இது சர்க்கரை வியாதி, அவ்வளவுதான். ஆனாலும் அதே இடது காலில் வந்திருக்க வேண்டாம். வலதில் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

புத்திமதி சொல்லாமல் ஒரு தாய்க்குக் கடிதம் முடியாது, ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ என் பிள்ளை. உனக்கும் இந்தக் குணம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் பரீட்சையில் தவறியபோது யாருக்கும் தெரியாமல் மூன்று மாதம் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் வந்தாயே, சோறு போட்ட எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? எல்லோருக்கும் ஓடி ஓடி உதவி செய்வாய், உனக்கு ஒன்று என்றால் கதவைச் சாத்திக்கொள்வாய். ஊரார் உன்னைத் தங்கமான பிள்ளை என்பார்கள். எஸ்தரிடம் அப்படி இருக்காதே. அவளுக்கு நீ செய்வதைப் போல உனக்கு அவள் செய்ய விடு. தோற்றுப்போனால் அன்றைக்கே அவளிடம் சொல். உன் அப்பாவிடம்கூட இந்தப் புண் விஷயத்தை நான் சொன்னதில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அந்தக் காலை அவர் பக்கமாக நீட்டாமல் ஒதுக்கிப் படுத்தேன். அவர் போகும்போதும் தெரியாமலேதான் போனார். அந்தத் தனிமை உனக்கு வேண்டாம்.

இதைப் பத்திரிகையில் போடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். போட்டால் ஊரே வாசித்து, என்ன தைரியம், எத்தனை தாழ்மை என்று பேசும். அதைக் கேட்க எனக்கு இப்போதே காது நீளுகிறது. ரத்தினத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் அச்சில் ஏற்றிவிட்டுத் தப்பிப்பதும் இன்னொரு இழுத்துக்கொள்ளல்தான். அதனால் முதலில் அவளிடம் என் வாயால் சொல்ல வேண்டும். அவளும் எஸ்தரும் கேட்ட பிறகு, அவர்கள் சரி என்றால் பத்திரிகைக்காரரிடம் கொடு. வேண்டாம் என்றால் அடுப்பில் போடு. அவள் என்னை மன்னிப்பாளா என்று தெரியாது. ஏதோ பெரிய மனசு வைத்து உடனே மன்னித்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டு போய் நின்றால் அதுவும் குதிகாலைத் தூக்குகிற வேலைதான். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வராதே என்று அவள் சொன்னால் வரவில்லை. வா என்றால், அவள் எங்கே உட்காரச் சொல்கிறாளோ அங்கே உட்காருகிறேன்.

இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா. பின்படி வேண்டாம், முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வா. நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், பயத்தில் வாய் உலர்ந்துபோயிருக்கும், நீ கொஞ்சம் பேச்சுக் கொடு. முதலில் ரத்தினத்திடம் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் எஸ்தருக்கு மனமிருந்தால், பேசினில் வெந்நீர் வைக்கச் சொல். கட்டு இரண்டு நாளாக மாற்றவில்லை, நாற்றம் அடிக்கிறது. வழக்கமாக யாராவது வருகிறார்கள் என்றால் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பவுடர் போட்டு வைத்திருப்பேன். இந்தத் தடவை கழுவி வைக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடு.

அம்மா